மூச்சுக்கு ஒரு ஓட்டை

குறை சொல்லாமல் ஒரு வாய்ச் சோறு விழுங்கியதாக வெல்டருக்குச் சரித்திரமே கிடையாது. கல்யாணமான மறுநாளே, "சோறு குழைஞ்சு போச்சு" என்றவன். அந்த நாக்கோடுதான் பதினாறு வருஷம் அவள் குடும்பம் நடத்தினாள். உப்பு ஜாஸ்தி, காரம் கம்மி, கறி வேகலை, வெந்ததும் நிறுத்தத் தெரியலை. "உங்க நாக்கை அறுத்து அடுப்புல போட்டாத்தான் இந்த வீட்டுச் சமையல் உருப்படும்" என்று அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள். கத்திவிட்டு இரண்டு பேரும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

இப்போது ஐந்து வாரமாக அவன் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவன் வேலை செய்தது எண்ணெய் டாங்க் கட்டும் பட்டறையில். கிரேனில் தொங்கிய இரும்புத் தகடு, சங்கிலிக் கண்ணி விட்டுப்போய் அவன் கைமேல் இறங்கியது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் கட்டுக்கு வெளியே நண்டுக்கொடுக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. இடது கை மணிக்கட்டு உடைந்து, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் மாவுக்கட்டு. கண்ணி துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது, கிரேன் ஓட்டினவன் மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். விரல் போனது போனதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் வாரம், அவளுடைய அண்ணன் பார்க்க வந்திருந்தார். வெல்டர் இரண்டு விரலால் ஸ்பூனைப் பிடித்துத் தூக்கினான். பாதி வழியில் ஸ்பூன் குப்புற விழுந்தது. சோறும் சாறும் மார்பெல்லாம் வழிந்தது. அண்ணன் நல்ல மனுஷர், கெட்ட எண்ணம் கிடையாது. "குடுங்க மாப்ளே, நான் ஊட்டி விடறேன். சின்னப்புள்ள மாதிரி ஆயிட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே தட்டை வாங்கினார். வெல்டர் மார்பில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து சாப்பாடு என்றால் கதவுக்குத் தாழ்ப்பாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாயைத் திறப்பான். அவள் ஊட்டுவாள். உப்பு இருந்தாலும் முழுங்குவான், இல்லாவிட்டாலும் முழுங்குவான்.

"போதுமா?"

"ம்."

"நல்லாருந்துச்சா?"

"ம்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வார்கள். அந்த வீட்டில் அது பேச்சு இல்லை.

செவ்வாய்க்கிழமை பட்டறை மேஸ்திரி போன் செய்தார். அவரும் இன்னும் இரண்டு பேரும் சனிக்கிழமை மத்தியானம் வருகிறார்களாம். "வந்து பாத்துட்டுப் போறதுக்கு இல்லம்மா. உக்காந்து அவனோட சாப்பிடணும்" என்றார். அந்தப் பட்டறையில் அப்படி ஒரு வழக்கம். மத்தியானம் சங்கு ஊதினால், கட்டி முடிக்காத டாங்க் நிழலில் பழைய பேப்பரை விரித்து, எல்லோர் டப்பாவையும் நடுவில் வைத்து ஒன்றாகத்தான் தின்பார்கள். தனியாகத் தின்கிறவன் வேலையை விட்டுப் போகப்போகிறவன் என்று அர்த்தம். பதினாறு வருஷமாக அந்தக் கதைகளைக் கேட்டவள்தானே, மேஸ்திரி எதைச் சோதிக்க வருகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வாங்க என்று சொல்லிவிட்டாள்.

"வர வேணாம்னு சொல்லிடு" என்றான் வெல்டர்.

"வரச் சொல்லியாச்சு."

"அப்ப நீயே உக்காந்து அவனுங்களோட தின்னு."

அவன் உள்ளே போய்க் காலாலேயே கதவைச் சாத்தினான்.

அவளுக்கு வேலை சலவைத் தொழிற்சாலையில். ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளும் விடுதித் துண்டுகளும் மலைமலையாக வந்து இறங்கும் இடம். சூடான உருளைக்குள் போய்த் தட்டையாக வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் நின்று பிடித்து மடிக்க வேண்டும். மடிப்பில் அவளை அடிக்க ஆளில்லை. மடித்து, உள்ளங்கையால் ஒரே இழுப்பில் காற்றை வழித்துவிடுவாள். விரிப்பு சிமெண்டுப் பலகை போல அடுக்கில் உட்காரும். அங்கே எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா.

விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவளுக்கு ரேடியோ என்று பேர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேரமும் ஓடுவாள், நடுவில் செய்தி அறிக்கை வேறு.

"என்ன மடிப்பக்கா, மூஞ்சி சுருங்கியிருக்கு? உருளைக்குள்ள விட்டு எடுக்கட்டுமா?"

மடிப்பக்கா சொன்னாள். கேட்டதும் ரேடியோ அதிசயமாக அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஸ்பூன் ஆகாது. பிசையறது ஆகாது. சொட்டறது ஆகாது. அவ்வளவுதானே?" என்றாள் பிறகு. "ரெண்டு விரல்ல கவ்விப் பிடிக்கற மாதிரி ஒண்ணு இருக்கு. என் மருமக பண்ணுவா. மாவுக்குள்ள கொத்துக்கறி, சீஸ், டாக்கோ மசாலா எல்லாத்தையும் வெச்சு உருட்டி, சூடான காத்துலயே வேக வெக்கற ஏர் ஃப்ரையர்ல போட்டுடுவா. எலுமிச்சம்பழம் அளவுதான், ஆனா ஒரு வேளைச் சாப்பாடு முழுக்க அதுக்குள்ள கிடக்கும். எண்ணெய்ல முக்கி எடுக்கற வேலையும் இல்ல."

"டாக்கோன்னா?"

"மடிச்ச ரொட்டிக்குள்ள கறி வெச்சுத் தின்பாங்கல்ல, அது. சீரகம், மிளகாத்தூள், பூண்டுப்பொடி எல்லாம் கலந்து பொட்டலமாவே விக்கறான். இது அதே ருசிதான், ஆனா மூடின உருண்டை."

"மடிச்சு மூடறதா? அப்ப எனக்கு வரும்."

"எங்க வீட்டு மெஷினைக் கொண்டாறேன், ஒரு வாரம் வெச்சுக்க. ஒண்ணு மட்டும் மறந்துடாதே. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. கறியில உப்பைக் கை நிறையப் போடு. என் மருமக கைக்கு உப்புன்னாலே ஆகாது, வாயில வெக்க விளங்காது."

மருமகளைப் பற்றிய மீதிச் செய்தி மாலை வரை ஒலிபரப்பாயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் மெஷின் வந்தது. கறுப்பு நிறம், கவிழ்த்து வைத்த குடம் போல ஒரு வடிவம், வயிற்றில் இழுக்கிற மாதிரி ஒரு கூடை. சமையலறை ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய அளவுதான். ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்தாள். கூடத்து நாற்காலியில் இருந்து வெல்டர் பார்த்துக்கொண்டிருந்தான். இது என்ன என்று கேட்கவில்லை. முன்பானால், கடைக்காரன் தலையில் கட்டிட்டானா என்று ஆரம்பித்திருப்பான்.

முதல் தடவை எட்டு உருண்டையையும் ஒன்றோடு ஒன்று இடிக்கும்படி கூடையில் அடைத்தாள். சூட்டை இருநூறில் வைத்தாள். சீக்கிரம் வேகட்டும் என்ற அவசரம்தான். கால் மணியில் எடுத்தபோது வெளியே கரி, பிட்டால் உள்ளே பச்சை மாவு. ஒட்டிக்கொண்ட பக்கமெல்லாம் வெள்ளையாகப் பல்லிளித்தது. வெந்தும் வேகாததுமாக இருந்ததை வழித்துக் குப்பையில் கொட்டினாள். கூடத்திலிருந்து சத்தமே இல்லை. திட்டித் தொலைக்கக் கூடாதா இந்த மனுஷன் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் மறுபடி உட்கார்ந்தாள். சூட்டை நூற்றெண்பதுக்கு இறக்கினாள். ஐந்தே ஐந்து, இடம் விட்டு. மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் கறியும் சீஸும் வைத்து, சுற்று ஓரத்தையெல்லாம் மேலே இழுத்து, ஒன்றுக்கு மூன்றாக மடித்தாள். விரிப்பை மடிக்கும்போது செய்வது போலவே உள்ளங்கையால் அழுத்தி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் வழித்துவிட்டு, விளிம்பைத் தண்ணீர் தொட்டு இறுக்கி மூடினாள். பார்க்க லட்சணமாக இருந்தது. எங்கே மூடினாள் என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. சொட்டு வெளியே வரட்டும், பார்க்கலாம் என்று கூடையைத் தள்ளினாள்.

ஆறாவது நிமிஷம் உள்ளே 'டப்' என்றது. அப்புறம் இன்னொரு 'டப்'. இழுத்துப் பார்த்தால் நாலு உருண்டைக்கு வயிறு கிழிந்திருந்தது. சீஸ் கூடையெல்லாம் உருகி ஓடிப் புகைந்தது. கறி சிதறி மேலே கம்பிச்சுருள் வரைக்கும் அப்பியிருந்தது.

அவள் கரண்டியை மேடையில் எறிந்தாள். "என்ன எழவு இது! மூணு மடிப்பு போட்டு மூடியிருக்கேன்."

"அதான் வெடிச்சுது" என்று குரல் கேட்டது.

வெல்டர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். எப்போது எழுந்து வந்தான் என்று தெரியவில்லை.

"என்ன?"

"மூடின டாங்க்கைச் சூடு பண்ணினா வெடிக்காம வேற என்ன பண்ணும்? உள்ள ஈரம் இருக்கு. ஆவியாகும். அது எங்க போகும்? நீ ஒரு வழியும் விடல. எங்கடா இடம்னு தேடித் தேடி, இளைச்ச பக்கமாப் பாத்துப் பிச்சிக்கிட்டு வந்துடும்."

ஐந்து வாரத்தில் அவன் சேர்ந்தாற்போல இத்தனை வார்த்தை பேசியதில்லை. எறிந்த கரண்டியை எடுக்கக்கூட மறந்து அவள் நின்றாள்.

"பழைய டாங்க்ல ஒட்டுப் போடறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து வெச்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் நெருப்பு வெப்போம். வெளிய ஒரு பொடி ஓட்டை இருந்தாப் போதும். அதை மூச்சுன்னு சொல்லுவோம்." கறிச்சட்டியை எட்டிப் பார்த்தான். "இதுல தண்ணி நிக்குது பாரு. அடுப்புல வெச்சு வத்த விடு. மூடின விளிம்பு அடியில போகணும், உச்சியில வெக்காதே. கனம் அடியிலதான் இருக்கணும்."

மிச்ச மாவில் மூன்று உருண்டை தேறியது. கறியை வற்றவைத்து, அவன் சொன்னபடியே கவிழ்த்து வைத்தாள். ஓட்டை போட ஒரு பல்குச்சியை எடுத்தாள்.

"குடு இங்க" என்றான்.

இரண்டு விரலால் குச்சியைக் கவ்வினான். விழுந்தது. எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தவளுக்குக் கை பரபரத்தது, அவன் விரலைப் பிடித்து அழுத்திவிடலாமா என்று. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மூன்றாம் தரம் குச்சி நின்றது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, வெல்டிங் கண்ணாடிக்குள்ளிருந்து பார்ப்பவன் மாதிரி கண்ணைச் சுருக்கி, உருண்டையின் உச்சியில் குத்தினான். மூன்றிலும் குத்தி முடிக்கும்போது நெற்றியில் வேர்த்துவிட்டது.

எட்டு நிமிஷம் அந்த மெஷின் முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஓட்டை வழியாக நூல் மாதிரி ஆவி வந்த தடம் மட்டும் தெரிந்தது. மூன்றும் பொன்னிறமாக, முழுசாக இருந்தன. மேலே வெண்ணெய் தடவித் தட்டில் வைத்து நீட்டினாள்.

"ஒண்ணு எடுங்க."

அவன் தட்டைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான்.

"பசிக்கல" என்றுவிட்டு உள்ளே போனான்.

அவன் தொடாததைத் தின்ன அவளுக்கும் பிடிக்கவில்லை. அப்படியே மூடி வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேர் வந்தார்கள். நரைத்த மீசை மேஸ்திரி முன்னால். அடுத்து, பட்டறையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடிக்கிறவன். அந்த மெஷின் சத்தத்தாலும் அவன் வாயாலும் அவனுக்கு வண்டு என்று பேர். கடைசியாக, செருப்பைக் கழற்றுவதற்கே ஒரு யுகம் எடுத்துக்கொண்டு, கிரேன்காரர். விபத்துக்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கம் அவர் வருவது இதுதான் முதல் தடவை. கூடத்து மூலையில், எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக வாசலை ஒட்டி உட்கார்ந்தார்.

அறைக் கதவு சாத்தியிருந்தது.

வண்டு கையோடு கொண்டுவந்த பழைய பேப்பரைத் தரையில் விரித்தான். "பட்டறை மாதிரியே இருக்கட்டும் அண்ணி. நாற்காலியெல்லாம் வேணாம்." அவள் முதல் ஈட்டைத் தட்டில் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மேஸ்திரி கை கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டார். யாரும் தட்டைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க மேஸ்திரி. ஆறிடும்."

"அவன் வரட்டும்மா."

கதவு அசையவில்லை. தெருவில் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் வந்தது, நின்றது. கிரேன்காரர் பேப்பரில் பாதி கிழிந்த ஒரு விளம்பரத்தையே படித்துக்கொண்டிருந்தார். அவள் கதவையே பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி எழுந்துவிடுவார். எழுந்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை வர மாட்டார்கள். கோபத்தினால் இல்லை, குறையும் சொல்ல மாட்டார்கள். தனியாகத் தின்கிறவனை எத்தனை நாள் கூப்பிடுவார்கள்?

வண்டு ஒரு உருண்டையைத் தட்டோடு திருப்பிப் பார்த்தான். "என்ன அண்ணி, எல்லாத்துலயும் ஓட்டை விழுந்திருக்கு?"

"உங்க அண்ணன் போட்டது. ஒவ்வொண்ணும் அவர் குத்தினதுதான்." அன்று காலையில் சொல்லாமலே வந்து குத்திவிட்டுப் போயிருந்தான்.

வண்டுக்கு வாய் நமநமத்தது. கதவைப் பார்த்துக் கத்தினான். "அண்ணே! பட்டறையில ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் எங்க அப்பன் ஆத்தாளை இழுத்துத் திட்டுவியே! வீட்ல உக்காந்து நீயே ஓட்டை ஓட்டையாப் போட்டு வெச்சிருக்கே. வேலை மறந்து போச்சா?"

"டேய்" என்று மேஸ்திரி அதட்டினார்.

"இல்ல மேஸ்திரி, கேக்கறேன். ஓட்டை டாங்க் கட்டினவன்னு நாளைக்கு நம்ம மானம்ல போகும்?"

கதவு படார் என்று திறந்தது.

"அது ஓட்டை இல்லடா மடையா, மூச்சு!" வெல்டர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "பன்னெண்டு வருஷமாக் கிரைண்டர் பிடிக்கறே, ஓட்டைக்கும் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாது. உனக்கெல்லாம் எவன் சம்பளம் குடுக்கறான்?"

"தெரியாதுதான். வந்து உக்காந்து சொல்லிக் குடு."

வெல்டர் நின்றான். திரும்பிப் போக ஒரு அடி பின்னால் இருந்தது, உட்கார மூன்று அடி முன்னால் இருந்தது. வைத்தகண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி நகர்ந்து பேப்பரில் இடம் விட்டார். வெல்டர் வந்து, கையை ஊன்ற முடியாமல், முதுகைச் சுவரில் தேய்த்து இறங்கி உட்கார்ந்தான்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டுக்குள் விட்டு ஒன்றைக் கவ்வினான். தூக்கினான். வெண்ணெய் வழுக்கியது. உருண்டை கீழே விழுந்து, பேப்பரில் உருண்டு ஓடி, கிரேன்காரர் முட்டியில் இடித்து நின்றது.

ஊட்டி விடுகிறேன் என்று யாராவது வாயைத் திறந்துவிடுவார்களோ என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் திறக்கவில்லை. கிரேன்காரர் அதைக் கையில் எடுத்துவிட்டுத் தட்டில் வைப்பதா, அவனிடம் கொடுப்பதா என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அது உன்கிட்டதான் வந்திருக்கு. தின்னு" என்றான் வெல்டர்.

"எனக்கு... நான் அன்னிக்கு..."

"சங்கிலியை நீயா இத்துப்போக வெச்சே? தின்னுய்யா. சூடு ஆறினா சீஸ் ரப்பராயிடும்."

கிரேன்காரர் கடித்தார். கண் கலங்கியது. சூட்டினால் என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். "உள்ள நெருப்பா இருக்கு" என்று அவரே சொல்லிவிட்டார்.

வெல்டர் இன்னொன்றைக் கவ்வினான். இந்தத் தடவை மெதுவாக, உச்சி ஓட்டையிலேயே விரல் நகத்தைக் கொடுத்துப் பிடித்தான். நழுவவில்லை. வாய்க்குக் கொண்டுபோனான். பாதியைக் கடித்தான். ஒரு துணுக்குக் கறி சட்டையில் விழுந்தது. வண்டுவின் சட்டையில் ஏற்கனவே நாலு துணுக்கு இருந்ததால் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மென்றான். நிறுத்தினான். புருவம் சுருங்கியது.

"உப்பு ஜாஸ்தி."

அவள் காதை நம்பவில்லை. "என்னது?"

"உப்பு ஜாஸ்திங்கறேன். கரிக்குது. மசாலாப் பொட்டலத்துலயே உப்பு இருக்கும். அதுக்கு மேல எதுக்கு அள்ளிக் கொட்டினே?"

"உப்பு இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?"

"பொட்டலத்துலயே அச்சடிச்சிருக்கான். கண்ணு எங்க இருந்துச்சு?"

"கண்ணு உங்க கதவு மேல இருந்துச்சு! ரெண்டு நாளா மாவோட மல்லுக்கட்டியிருக்கேன். விருந்தாளி முன்னாடி வெச்சு உப்பு, புளின்னு ஆரம்பிக்கறீங்களா? அவங்க தின்னலையா? மேஸ்திரி, நீங்க சொல்லுங்க, கரிக்குதா?"

மேஸ்திரி மீசையில் ஒட்டியிருந்த சீஸைத் துடைத்தார். புருஷன் பெண்சாதி நடுவில் சாட்சி சொன்னவன் வாழ்ந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். "தண்ணி குடும்மா" என்றார்.

வண்டு சிரித்துப் புரையேறிவிட்டது. வெல்டரும் வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்போடு இரண்டாம் பாதியையும் உள்ளே தள்ளினான். கரிக்கிறது என்றவன் அடுத்ததற்கு விரலை நீட்டினான்.

"பட்டறையில லீக் பாக்க ஆள் இல்லாம தவிக்கறோம்" என்று மேஸ்திரி தட்டைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "ஒட்டு மேல சோப்புத் தண்ணி தடவி நுரை கிளம்புதான்னு பாக்கணும், அந்த பிரஷ்ஷுக்கு ரெண்டு விரல் போதும்."

"முதல்ல மாவுக்கட்டைப் பிரிக்கட்டும்" என்றான் வெல்டர். மாட்டேன் என்று சொல்லவில்லை.

அவள் உர்ரென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். நிஜமாகவே கோபம் வந்திருந்தது. அந்தப் பதினாறு வருஷத்துக் கோபம், காதுமடல் சுடுகிற அதே பழைய கோபம். எங்கேயோ தொலைத்திருந்த பாத்திரம் கைக்குக் கிடைத்தது மாதிரி இருந்தது. மாவை ஓங்கி ஓங்கித் தட்டினாள். மீதிக் கறியில் உப்புப் போட்டது போட்டதுதான். உருளைக்கிழங்கு இரண்டை வேகவைத்து மசித்துக் கலந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"ஏய்" என்று கூடத்திலிருந்து அவன் குரல். "அடுத்த ஈட்டுக்கு மூச்சு வைக்க மறந்து தொலைக்காதே."

"அவ்வளவு அக்கறை இருந்தா வந்து நீங்களே வைங்க!"

சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஆள் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. அவள் பல்குச்சி டப்பாவை எடுத்து, மேடையின் ஓரத்தில், அவன் இரண்டு விரலுக்கு எட்டுகிற இடத்தில் திறந்து வைத்தாள்.